குண்டூசித் தலையளவு ஈஸ்ட்

வீணாவுக்குச் சின்ன வெங்காயம் ஆகாது. சாம்பாரில் கிடந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிடுவாள். அதனால் அவள் ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்துக்கு என் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் வெங்காயம் போடாமல் சாம்பார் வைப்பேன். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, மேடம். அந்தப் பெண்ணுக்கு நான் ஒருநாளும் கெடுதல் நினைத்ததில்லை. மீதியைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

நேற்று விசாரணையில் எங்கள் எல்லோரிடமும் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். வீணா மாதக்கணக்கில் முட்டி மோதியும் வராத முடிவு, அவள் போன பிறகு இன்னொரு மாணவி சஹானா கையில் மட்டும் எப்படி வந்தது? ஒருவர் இன்குபேட்டரைச் சொன்னார், இன்னொருவர் தண்ணீரைச் சொன்னார். என் முறை வந்தபோது, யோசித்து எழுதித் தருகிறேன் என்றேன். எந்த மொழியில் வசதியோ அதில் எழுதுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

நான் சுப்ரமணியன் சாருடைய ஆய்வகத்தின் லேப் மேனேஜர். பெயர்தான் பெரிது. ஈஸ்டுக்கு வேண்டிய ஊட்டக் கரைசல் தயாரிப்பது, அது வளர்கிற தட்டுகளில் அகார் கூழ் ஊற்றுவது, ஃப்ரீசரில் எது எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பது, பைப்பெட் முனைகள் தீருமுன் வாங்கி வைப்பது, இதெல்லாம் என் வேலை. என் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர், அப்பா பொதுப்பணித் துறையில் இன்ஜினியர். நான் எம்.எஸ்சி. முடித்து இங்கே வந்தேன், இங்கேயே இருந்துவிட்டேன். கல்யாணம் கூடி வரவில்லை. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட வேண்டாம், நான் வருத்தப்பட்டதில்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் முடித்துப் போகிறவர்கள் தங்கள் காபிக் குவளையை அலமாரியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஸ்ரீஹர்ஷாவின் நீலக் குவளை இருக்கிறது. சுப்ரியாவுடையது, பூனை படம் போட்டது, இருக்கிறது. இருக்கும்போது அக்கா அக்கா என்று முந்தானையைப் பிடிக்காத குறையாகச் சுற்றி வருவார்கள். போன முதல் வருடம் தீபாவளிக்கு ஒரு செய்தி வரும். பிறகு அதுவும் வராது. குவளைகளுக்குத் தூசி துடைப்பது யார் என்று எவரும் கேட்டதில்லை. நான்தான்.

வீணா அப்படிப்பட்டவள் இல்லை என்று நினைத்தேன். ஜீவனஹள்ளிப் பெண். அவள் அம்மா லட்சுமம்மா காக்ஸ் டவுன் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்க்கிறவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் வீணா. வந்த புதிதில் சென்ட்ரிஃபியூஜ் மூடியைத் திறக்கவே பயப்படுவாள். நான்தான் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவளுக்கென்று புதிதாக ஒரு தட்டும் டம்ளரும் வாங்கி, பின்கட்டு அலமாரியில் தனியாக வைத்திருந்தேன். அவற்றில் வேறு யாரும் சாப்பிட்டதில்லை. அவ்வளவு பிரியம்.

அவள் வேலையைப் பற்றி நீங்கள் கோப்பில் படித்திருப்பீர்கள். ஆனாலும் என் வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஈஸ்டில் இரண்டு இனம். ஒன்று ஒரு வாசனைப் பொருளை வெளியே விடும். மற்றது அதை உணர்ந்து, பெருகுவதை நிறுத்திவிட்டு, வாசனை வரும் பக்கமாக மூக்கை நீட்டுகிற மாதிரி வளரும். வாசனை செல்லின் தோலில் படுகிறது, சேதி உள்ளே போயாக வேண்டும். மூன்று புரதங்கள் கைமாற்றிக் கைமாற்றி அதைக் கொண்டுபோகின்றன. அந்த மூன்றும் செல்லுக்குள் ஆளுக்கொரு மூலையில் திரிந்தால் கைமாற்றுவது எப்படி? அதற்காகவே நாலாவதாக ஒரு புரதம் இருக்கிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவார்களே, அந்த மாதிரி. அது தானாக எந்த வேலையும் செய்யாது. மற்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். ஆனால் அதை எடுத்துவிட்டால் செல் செவிடு.

வீணா அந்தச் சாரப் புரதத்தில் ஓர் இடத்தை மாற்றினாள். மாற்றிய செல்கள், சாதாரண ஈஸ்டுக்குத் தெரியவே தெரியாத அளவு மெல்லிய வாசனைக்கும் மூக்கு நீட்டின. மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அவள் என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். சுப்ரமணியன் சார் அதை வெளிநாட்டு மாநாடு ஒன்றில் பேசிவிட்டும் வந்தார். கட்டுரை அனுப்பினார்கள். மெல்லிய அளவுகளில் இன்னும் சில முறை செய்து காட்டச் சொல்லிப் பதில் வந்தது. அதே வாரத்தில் ஜெர்மனியிலிருந்து வீணாவுக்கு வேலைக்கான கடிதமும் வந்தது. கட்டுரை வெளியானால் பட்டம், பட்டம் கிடைத்தால் ஜெர்மனி.

அவள் இனிப்பு வாங்கி வந்தாள். எனக்கு முதல் துண்டு கொடுத்தாள். "அக்கா, என் மக்கை நல்லா தொடச்சு வெய்யிங்க, சரியா?" என்று சிரித்தாள்.

என் வயிறு எரிந்தது, மேடம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று வீட்டுக்குப் போய்ச் சமைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை நினைத்தேன், பின்கட்டு அலமாரியை நினைத்தேன். எனக்குக் கதி இல்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது.

ஆய்வகத்துக்குக் காலையில் எல்லோருக்கும் முன்னால் வருகிறவள் நான். முந்தைய நாள் மாலை வீணா போட்டுவிட்டுப் போன ஃபிளாஸ்குகள் இன்குபேட்டரில் ஆடிக்கொண்டிருக்கும். வாசனைப் பொருளைத் தின்று அழிக்கும் நொதி ஒன்றை, வாசனையை உணர்கிற இன ஈஸ்ட் தானே சுரக்கும். வீணாவுடைய செல்களில் அந்த நொதியை நீக்கியிருந்தார்கள், மெல்லிய வாசனையும் நிலைத்து நிற்பதற்காக. நீக்காத பழைய ஈஸ்ட் குளிர்ப்பெட்டியில் என் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு குச்சியால் தொட்டு, குண்டூசித் தலையளவு, அவள் ஃபிளாஸ்கில் விட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். எதையும் உடைக்கவில்லை, கொட்டவில்லை, யார் பெயரையும் மாற்றி எழுதவில்லை.

அந்தச் சொட்டு ஈஸ்ட் மெல்லிய வாசனையைச் சுத்தமாகத் தின்றுவிட்டது. அதிக அளவு வாசனை கொடுத்தால் எல்லாம் ஒழுங்காகவே வரும், தின்று தீராதே. மைக்ராஸ்கோப்பில் இரண்டு ஈஸ்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மரபணுவைப் படித்துப் பார்த்தாலும் அவளுடையதுதான் தெரியும், ஏனென்றால் ஃபிளாஸ்கில் பெரும்பாலானவை அவளுடையவை. ஒருமுறை செய்து, கட்டுரையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஜெர்மனிக்காரர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்வாள்.

ஆனால் வீணா விடாக்கண்டி. தோற்றால் மறுநாளே மறுபடியும் ஆரம்பிப்பாள். அதனால் நானும் மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது.

"ஹை டோஸ்ல எல்லாம் கரெக்டா வருது அக்கா. லோ டோஸ்ல மட்டும் ஏன் செத்துப்போவுது?" என்பாள். தண்ணீரை மாற்றினாள். சர்க்கரையை வேறு டப்பாவிலிருந்து எடுத்தாள். வாசனைப் பொருள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்கிறதோ என்று குழாய்களை மாற்றினாள். ஃப்ரீசரிலிருந்து பழைய செல்களை எழுப்பினாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஓடியாடி உதவி செய்தேன். எந்தச் சமயத்திலும் முகம் சுளித்ததில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிறகு அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். நகத்தை ஒட்ட வெட்டி ரத்தம் வந்தது. கையுறைக்கு மேல் கையுறை போட்டாள். ஒருநாள் கை கழுவும் தொட்டியருகே நின்று அழுதாள். "என் கையிலதான் ஏதோ இருக்குக்கா. எங்க அம்மா பினாயில்ல கை வெச்சுட்டு வர்து, அது எனக்கும் ஒட்டிக்கினு வர்துபோல" என்றாள். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லை என்றேன். அன்றைக்கு அவளை நானே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போய் ஜீவனஹள்ளியில் விட்டேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். அப்படி ஒருத்தி என் தோளில் சாய்ந்தது அதுவே முதல் தடவை.

அந்த நாட்களில் மற்றவர்கள் அவளிடமிருந்து மெல்ல விலகினார்கள். மாநாட்டில் பேசிவிட்டு வந்த சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மதியம் அவளோடு சாப்பிட உட்கார்ந்தது நான் மட்டும்தான். எனக்குத் தெரியாமலா, மேடம், அவளுக்கு அப்போது யாராவது ஒருவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்று?

ஒருமுறை சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அவள் ஒன்று சொன்னாள். செல்லுக்குள் சாரப் புரதம் ரொம்ப அதிகமாகிவிட்டால் சேதி கூடாதாம், குறைந்துவிடுமாம். "ஆளுக்கொரு சாரத்தைப் புடிச்சுக்கினு தனித்தனியா ஒக்காந்துக்கும்க்கா. அப்புறம் ஒண்ணுகிட்ட ஒண்ணு எங்க பேசறது?" என்றாள். எனக்கு அது இன்றுவரை சரியாகப் புரியவில்லை. பக்கத்தில் பிடித்து வைக்கிற ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லதுதானே?

இனிதான் முக்கியமான இடம். ஒருநாள் வீணா சாரிடம் போய், "சார், ராஜலக்ஷ்மியக்கா கையால ஒரு தடவை செய்யச் சொல்லுங்க. அவங்க கையில வந்துச்சுன்னா என் கைதான் தப்பு. நான் ஒத்துக்கிறேன்" என்றாள். ஆய்வகத்தில் என் கை சுத்தத்துக்கு அவ்வளவு மரியாதை. சார் என்னைக் கூப்பிட்டார்.

"ராஜலக்ஷ்மி, நீங்களே ஒரு தடவை முழுசா பண்ணிப் பார்த்துடுங்கோ. உங்க ரிசல்ட் என்னவோ அதுதான் ஃபைனல்" என்றார்.

நான் நிறைய யோசித்தேன். ஒழுங்காகச் செய்தால் முடிவு வரும். வந்தால் வீணா என்ன ஆவாள்? தன் கைதான் தீட்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறவள், அக்கா கையில் வந்து தன் கையில் வரவில்லை என்றால் உடைந்துபோவாள். அந்த அவமானத்தை அவளுக்கு நான் எப்படிக் கொடுப்பேன்? அதனால் என் ஃபிளாஸ்கிலும் ஒரு சொட்டு விட்டேன். என் கையிலும் வரவில்லை. அவளைத் தனியாகத் தோற்க விடக்கூடாது என்றுதான் செய்தேன்.

அது வேறு மாதிரி முடியும் என்று நான் நினைக்கவில்லை. என் கையிலும் வரவில்லை என்றதும் சார் வேறு கணக்குப் போட்டுவிட்டார். இப்போது யார் செய்தாலும் வரவில்லையென்றால், முதலில் வந்ததாகக் காட்டியது எங்கிருந்து வந்தது? பொய்யா? அந்த வார்த்தையை அவர் சொல்லும்போது வீணா என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து என்னிடம் கேட்டாள். "அக்கா, நான் பார்த்தேன்ல? நீங்களும் என் பக்கத்துல நின்னு பார்த்தீங்கல்ல? மூக்கு நீட்டிக்கினு இருந்துச்சில்ல?"

"பார்த்தோம்னுதாம்மா நினைக்கறேன்" என்றேன். "ஆனா ரொம்ப ஆசைப்பட்டா கண்ணு சில சமயம் ஏமாத்திடும்."

பிறகு, தான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நான் நல்ல மனசோடுதான் யோசனை சொன்னேன். ஒத்துக்கொண்டால் மன்னித்துவிடுவார்கள், ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்து வேறு தலைப்பில் செய்யச் சொல்வார்கள், நான் கூடவே இருக்கிறேன் என்றேன். அப்படித்தான் நடக்கும் என்று நம்பினேன். இன்னொரு வருடம். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

வீணா, தான் முடிவுகளை இட்டுக்கட்டியதாக ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவர்கள் மன்னிக்கவில்லை. ஆய்வுப் படிப்பிலிருந்து அவள் பெயரை நீக்கிவிட்டார்கள். பொருட்களை எடுத்துப்போக வந்த அன்று அவள் யாரிடமும் பேசவில்லை, என்னிடமும். குவளையையும் விட்டுவிட்டுப் போகவில்லை. குப்பைக் கூடையில் போட்டிருந்தாள். நான் எடுத்துக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பிறகு தினமும் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பாரில் வெங்காயம் போடாமலே சமைத்தேன். அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. பைத்தியம் பிடிக்காத குறை. ஒருநாள் ஜீவனஹள்ளிக்குப் போய் அவள் வீட்டுத் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

சென்ற மாதம் லட்சுமம்மா இங்கே கேட்டுக்கு வந்தாள். உள்ளே விடவில்லை என்று எனக்குச் சொல்லியனுப்பினாள். வேலை முடித்து நேராக வந்திருந்தாள் போலிருக்கிறது, புடவை ஈரமாக இருந்தது. செக்யூரிட்டி அறைக்கு வெளியே நின்றே பேசினோம்.

"அது சோறே துன்னமாட்டேங்குதும்மா. ரூமுக்குள்ளயே இருக்குது. எதைக் குடுத்தாலும் மொகத்துக்கிட்ட வெச்சுப் பாக்குது, இது நெஜமா இருக்குதாம்மான்னு என்னைக் கேக்குது. எதிர்ல இருக்கிற டம்ளரக்கூட நம்பமாட்டேங்குது" என்றாள். பிறகு என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். "நீங்கதான் அதுக்கு எல்லாம்னு சொல்லும். பெரிய மன்சங்க நீங்க. நீங்களே சொல்லுங்க. எம்பொண்ணு பொய் சொல்லிச்சா?"

அவள் கேட்டது ஒரு வார்த்தை. இல்லை என்றால் போதும். "வேணும்னு சொல்லியிருக்க மாட்டா லட்சுமம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்போ சொல்லிச்சு" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்துபோனாள். அவளைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். கிருமி நீக்குகிற ஆட்டோக்ளேவில் கரைசல் வைத்துவிட்டு வந்திருந்தேன், திரும்பிவிட்டேன்.

சஹானா விஷயம் உங்களுக்குத் தெரியும். நான் மைசூரில் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, வேறு எதற்கோ வீணாவின் செல்களை எழுப்பி, மெல்லிய அளவில் வாசனை கொடுத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாம் மூக்கு நீட்டிக்கொண்டு நின்றனவாம். நான் ஊரில் இருந்திருந்தாலும் சஹானாவின் ஃபிளாஸ்கில் கை வைத்திருக்க மாட்டேன். சஹானா எங்கே போனால் எனக்கென்ன?

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். வீணா பொய் சொல்லவில்லை. அவள் பார்த்தது நிஜம். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதைக் கெடுத்தது நான். என் கையால் செய்துகாட்டியபோதும் கெடுத்தது நான். பொய்யை ஒத்துக்கொள்ளச் சொன்னதும் நான். என்னை வேலையிலிருந்து நீக்குங்கள், போலீசில் கொடுங்கள், எதுவானாலும் சரி. அவள் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதை நான் மனசாட்சி குத்தி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என்னை நீங்கள் சந்தேகப்படவே இல்லை, இன்குபேட்டரை மாற்றிவிட்டு விஷயத்தை முடித்திருப்பீர்கள். ஆனால் காரணம் தெரியாமல் அவளைத் திரும்பக் கூப்பிட மாட்டீர்கள். கூப்பிட்டால்தானே அவள் வருவாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தச் செய்தியை அவளுக்குப் போனிலோ தபாலிலோ தெரிவிக்காதீர்கள். ஏற்கனவே பலவீனமாக இருக்கிற பெண். அவள் அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. இவ்வளவு நம்பிய ஒருத்தி இப்படிச் செய்தாள் என்று கேட்கும்போது அவளுக்குத் தோள் கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டேன். சாம்பாரில் வெங்காயம் போட மாட்டேன்.